கலியாணப் பக்கத்துக்குக் கதிரவேலர் சொன்ன கருத்து

இணுவிலில் மில் வைத்திருக்கும் கதிரவேலருக்கு ஐம்பத்தெட்டு வயது. உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. ஒரேயொரு குறை வாயில்தான். யாராவது “எப்பிடி இருக்கு?” என்று கேட்டால் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லிவிடுவார். நல்ல வார்த்தை ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் உள்ளது வெளியே விழுந்துவிடும். விழுந்ததைப் பிறகு பொறுக்கி எடுக்க முடியாது.

மில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மெசின். ஒன்று மாவுக்கு, மற்றது தூளுக்கு. பெண்கள் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வறுத்து வாளியில் கொண்டு வருவார்கள். கதிரவேலர் மூடியைத் திறந்து ஒருதரம் மோந்து பார்ப்பார்.

“மல்லி கருகிப்போச்சு.”

“இல்லையண்ணை, பதமாத்தான் வறுத்தனான்.”

“பதமோ? பிள்ளை, இதைத் திரிச்சால் கறிக்குப் போடேலாது. மதிலுக்குப் பூசலாம்.”

அந்தப் பிள்ளை அடுத்த மாதம் மருதனார்மடப் பக்கம் வேறு மில் தேடிப் போகும். கதிரவேலர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மனைவி பூரணம்தான் கவலைப்படுவார்.

வாடிக்கை போனால் திரும்பவும் வரும். சம்பந்தம் போனால் வராது. அவர்களுடைய ஒரே மகள் ஜெயனிக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சம்பந்தம் நன்றாகப் பொருந்தி வந்தது. பெண் பார்க்க வந்த பொடியன் சங்கீதம் படித்தவன். யாரும் கேளாமலே தாய்க்காரி அவனைப் பாட வைத்தார். பாடி முடிந்ததும் “எப்பிடி அண்ணை?” என்று கதிரவேலரின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“கரண்ட் குறைஞ்ச நேரம் என்ரை மில்லும் இப்பிடித்தான் இழுக்கிறது.”

வந்தவர்கள் கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினார்கள். பொடியனின் மாமன் ஒருவர் மட்டும் வாயில் இருந்ததை முழுங்கிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஜெயனி தன் அலுவலைத் தானே பார்த்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் அவள் வேலை செய்யும் கந்தோரிலேயே மயூரதன் என்றொரு பொடியன். நெல்லியடிக்காரன், அமைதியானவன், பாட்டு வராது. இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. சாதகக் குறிப்பும் பொருந்தியது. தை மாதக் கடைசியில் நாள் வைத்தாயிற்று. மிச்சம் இருந்த ஆபத்து இரண்டு. ஒன்று கதிரவேலரின் வாய். மற்றது மயூரதனின் தகப்பன் சுபாஸ்கரன் மாஸ்ரர்.

மாஸ்ரர் முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவர். அந்த முப்பத்தைந்து வருடமும் பிழை பிடித்தது அவர். அவரில் ஒருவரும் பிழை பிடித்ததில்லை. பென்சன் எடுத்த பிறகு கம்பியூட்டர் ஒன்று வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து இணையப் பக்கம் கட்டப் பழகினார். கோயிலுக்கு ஒன்று, வாசிகசாலைக்கு ஒன்று, பழைய மாணவர்களுக்கு ஒன்று என்று யாரும் கேளாமலே கட்டிக் கொடுத்தார். பழைய மாணவர் பக்கத்தைப் பார்த்த அவருடைய சொந்த மச்சான், “அத்தான், எழுத்துக் கொஞ்சம் சின்னனாக் கிடக்கு” என்று மட்டும் சொன்னார். அந்த மச்சானுக்கு இரண்டு வருடமாக மாஸ்ரர் வீட்டு வாசற்படலை திறக்கவில்லை.

இந்தக் கதையை மயூரதன் முதலிலேயே சொல்லி எச்சரித்திருந்தான். பூரணம் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்.

“இஞ்சருங்கோ. மாஸ்ரரோடை கதைக்கேக்கை மூண்டு சொல்லுத்தான். ஓம். நல்லது. வடிவாயிருக்கு. நாலாவது சொல்லு உங்கடை வாயாலை வந்துதோ, அண்டைக்கு நான் தாய் வீட்டை போயிடுவன்.”

“உன்ரை தாய் வீடு அடுத்த ஒழுங்கைதானே?”

“உதுதான். உந்த வாய்தான்!”

கதிரவேலர் சட்டத்தைக் காப்பாற்றினார். இரண்டு தடவை இரு வீட்டாரும் சந்தித்தார்கள். இரண்டு தடவையும் அவர் ஓம் என்றார், நல்லது என்றார், மாஸ்ரரின் புது மூக்குக்கண்ணாடியை வடிவாயிருக்கு என்றார். அதன் பலன் யாரும் எதிர்பாராதது. “சம்மந்தி மாதிரி ஒரு பண்பான, மென்மையான மனுசனை நான் கண்டதில்லை” என்று மாஸ்ரர் போகிற இடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். மில்லுக்கு வருகிற பெண்கள் அதைக் கேள்விப்பட்டு, மாஸ்ரருக்கு வேறு ஒரு சம்பந்தியும் இருக்கிறாராக்கும் என்று நினைத்தார்கள்.

இப்படி இருக்கும்போது, கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் ஜெயனி போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

“அம்மா, மாமா எங்களுக்குக் கலியாண வெப்சைற் ஒண்டு செய்திருக்கிறார்.”

பூரணம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கண்ணாடி போடவில்லை. கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

“ச்சா... சின்ன வயசு. பாவம். ஆற்றை பிள்ளை?”

“உங்கடை பிள்ளைதான் அம்மா!”

கதிரவேலர் எட்டிப் பார்த்தார். கறுப்புப் பின்னணி. நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஜெயனியின் படம், பக்கத்தில் அதே மாதிரிச் சட்டத்துக்குள் மயூரதன். ஜெயனிக்குக் கீழே இடது பக்கம் ‘மலர்வு’ என்று பிறந்த திகதி, வலது பக்கம் ‘இணைவு’ என்று கலியாணத் திகதி. மூலையில் ஒரு விளக்கு நின்று ஆடி ஆடி எரிந்தது. மேலேயிருந்து வெள்ளைப் பூ ஒவ்வொன்றாக விழுந்தது. அதற்குக் கீழே எழுத்து:

‘இணுவிலைப் பிறப்பிடமாகவும், நெல்லியடியை வருங்கால வதிவிடமாகவும் கொண்ட செல்வி ஜெயனி கதிரவேலு அவர்கள் எதிர்வரும் தை மாதம் ஞாயிற்றுக்கிழமை அன்று இல்லற வாழ்வு எய்துவார். அன்னார், கதிரவேலு பூரணம் தம்பதிகளின் பாசமிகு ஏக புத்திரியும், மயூரதனின் அன்பு மனைவியும், சுபாஸ்கரன் உதயகலா தம்பதிகளின் அருமை மருமகளும் ஆவார். அன்னாரின் திருமணக் கிரியைகள் மண்டபத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்.’

கடைசியில் ஒரு பொத்தான். அமத்தினால் நாங்களும் ஒரு விளக்கு ஏற்றலாம்.

“ஆர் செத்தது?” என்றார் கதிரவேலர்.

ஜெயனி நிலத்தில் இருந்துகொண்டு அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே விசயத்தைச் சொன்னாள். மாஸ்ரர் இதை மூன்று மாதமாக இருந்து கட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ராகுகாலத்துக்கு முன், கனடா, லண்டன், நோர்வே, சுவிஸ் என்று நானூறு நம்பருக்கு இது போகப்போகிறது. முதல் பார்த்தபோது மயூரதன் ஒருதரம் இருமிவிட்டான். இருமல் பிடிக்காமல் மாஸ்ரர் இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. இனி ஒரேயொருவரின் கருத்துக்குத்தான் மாஸ்ரர் காத்திருக்கிறார்.

“ஆற்றை?”

“உங்கடை, அப்பா. ‘சம்மந்தி பண்பாச் சொல்லுவார்’ எண்டு சொன்னவராம்.”

பூரணம் தலையில் கைவைத்தார்.

“அப்பா,” ஜெயனி மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு மயூரதன்தான் வேணும். ஆனால் நான் செத்துப்போய்க் கலியாணம் கட்டேலாது. எப்பிடியாவது மாமாவுக்கு நோகாமல் சொல்லி மாத்துவியுங்கோ. நோகப் பண்ணினியள் எண்டால் கலியாணமும் இல்லை.”

கதிரவேலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வாய் வறண்டது.

அடுத்த நாள் மில்லில் அவர் பயிற்சி எடுத்தார். முதல் வந்த பெண்ணின் வாளியைத் திறந்தார். மல்லி கரிக்கட்டை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“பிள்ளை. மல்லி... நல்ல நிறம். கொஞ்சம் கூடுதலாகவே நல்ல நிறம். அடுத்தமுறை இவ்வளவு நல்ல நிறம் வராட்டிலும் பரவாயில்லை.”

அந்தப் பெண் வாளியை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணை, உங்களுக்குச் சுகமில்லையோ? பூரணம் அக்காவைக் கூப்பிடட்டோ?”

புதன்கிழமை காலை மில்லில் இருந்து தொலைபேசியில் மாஸ்ரரைப் பிடித்தார். பூரணமும் ஜெயனியும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“மாஸ்ரர், பக்கம் பார்த்தன். வடிவாயிருக்கு. பின்னாலை மட்டும் கொஞ்சம் இருட்டாக் கிடக்கோ எண்டு...”

“வெளிச்சம் காணாது எண்டுறியள்?”

“ஓம் ஓம்! உதுதான்!”

“நல்ல அவதானம் சம்மந்தி. பொறுங்கோ.”

பத்து நிமிடத்தில் பக்கம் திரும்பி வந்தது. பின்னணி அதே கறுப்பு. விளக்கு இரண்டாகியிருந்தது, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று.

கதிரவேலர் திரும்பவும் எடுத்தார். “மாஸ்ரர், அந்தப் பூ விழுகிற விழுகை...”

“கெதியா விழுகுதோ?”

“அப்பிடியும் சொல்லலாம்...”

இப்போது பூ மெல்ல மெல்ல, ஒவ்வொன்றும் நின்று யோசித்து யோசித்து விழுந்தது.

மூன்றாந்தரம் கதிரவேலருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. மேளச் சத்தம் ஒன்று கேட்டால் சனத்துக்குக் கலியாணம் என்று விளங்கும்தானே.

“மாஸ்ரர், சத்தம் ஒண்டும் இல்லாமல் கிடக்கு.”

“அட! அதை நான் யோசிக்கேல்லை.”

அரை மணித்தியாலத்தில் பக்கம் வந்தது. திறந்தவுடன் ஒற்றை வயலின் ஒன்று விம்மி விம்மி அழுதது. மில்லின் வாசலில் படுத்திருந்த நாய் எழும்பி அந்தப் பக்கம் போய்ப் படுத்தது.

பூரணம் போனைப் பறித்தார். “போதும், வாயை மூடுங்கோ! இன்னும் ஒரு கருத்துச் சொன்னியள் எண்டால் பாடையும் வந்திடும்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?”

“நேரை போங்கோ. முகத்தைப் பார்த்து, மெல்லமா, இனிமையா...”

“எனக்கு இனிமை வராது எண்டு உனக்குத் தெரியும்தானே?”

“முப்பது வருசமாத் தெரியும். அதுக்காகத்தான் வாழைப்பழமும் கொண்டு போகச் சொல்லுறன்.”

வியாழக்கிழமை காலை மில்லைப் பூட்டிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு கதிரவேலர் நெல்லியடிக்குப் புறப்பட்டார். வழியில், வீடுவாசல் இல்லாத வல்லை வெளியில் காற்று ஆளைத் தூக்கியது. அங்கே கேட்க ஒருவரும் இல்லை என்பதால் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே கதைத்துப் பார்த்தார். “மாஸ்ரர், ஒண்டும் குறை நினையாதையுங்கோ... மாஸ்ரர், நான் படிக்காதவன், பிழை எண்டால்... மாஸ்ரர், உது செத்தவீட்டு அறிவித்தல்!” எப்படித் தொடங்கினாலும் அதிலேதான் போய் முடிந்தது. வல்லைப் பாலம் வரும்போது ஆறுமுறை முயன்றுவிட்டார். ஆறுமுறையும் செத்தவீடுதான்.

மாஸ்ரர் படலைக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். மயூரதன் கந்தோருக்குப் போய்விட்டான். மாஸ்ரரின் மனைவி உதயகலா வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். முன் அறையில் கம்பியூட்டர், பெரிய திரை, முன்னால் இரண்டு கதிரை. திரையில் ஜெயனி இரண்டு விளக்குக்கு நடுவே அமைதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இருங்கோ சம்மந்தி. நாளைக்கு ஒன்பது மணிக்கு அனுப்பப்போறன். ஒளிக்காமல் சொல்லுங்கோ, எப்பிடி இருக்கு?”

இந்தக் கேள்விதான். இதே கேள்விக்குத்தான் ஒரு சம்பந்தம் ரோல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனது. கதிரவேலரின் தொண்டைக்குள் உண்மை படி ஏறி வந்தது. அவர் பல்லைக் கடித்து அதைக் கீழே தள்ளினார்.

“வடிவாயிருக்கு.”

“எனக்குத் தெரியும்.” மாஸ்ரர் கதிரையில் சாய்ந்தார். “சும்மா கட்டேல்லை, ஆராய்ஞ்சு கட்டினனான். எங்கடை சனம் காலமை எழும்பிப் பல்லு மினுக்க முதல் போனிலை எந்தப் பக்கத்தைத் திறக்குது? சொல்லுங்கோ பாப்பம்.”

கதிரவேலருக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு யார் போனது என்று பார்க்கத்தான் எல்லாரும் திறக்கிறார்கள். பூரணமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்.

“அந்தப் பக்கம் எண்டால் எண்பது வயசுக் கிழவிக்கும் விளங்கும்,” மாஸ்ரர் விரலை மடித்து எண்ணினார். “ஆள் ஆர், எந்த ஊர், ஆற்றை பிள்ளை, எண்டைக்கு, எங்கை, ஆருக்குப் போன் அடிக்கிறது. எல்லாம் ஒரே பார்வையிலை. பழகின அமைப்பு. இதைவிட வேறை என்ன வேணும்?”

சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கதிரவேலரை இன்னும் பயமுறுத்தியது. மாஸ்ரர் தெரிந்தேதான் கட்டியிருக்கிறார். ‘உது மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு’ என்று சொன்னால், ‘ஓம், அதுதானே சொல்லுறன்’ என்பார். பிறகு படலை பூட்டுப்படும்.

“ஏன் சம்மந்தி பேசாமல் இருக்கிறியள்? ஏதோ மனதிலை கிடக்கு. சொல்லுங்கோ.”

ஏதாவது சொல்லியாக வேண்டும். மூன்று சொல்லும் முடிந்துவிட்டது. நேரத்தைக் கடத்துவதற்காகக் கதிரவேலர் தனக்குத் தெரிந்த ஒரே விசயத்துக்குள் நுழைந்தார்.

“மாஸ்ரர், மில்லிலை புதுச் சல்லடை போட்டால் நான் முதல் சனத்தின்ரை அரிசியை விடமாட்டன். என்ரை வீட்டு அரிசியிலை ஒரு கொத்து விட்டுப் பாப்பன்.”

“ஏன்?”

“பழுதாப்போனால் எங்கடையோடை போகட்டும் எண்டுதான்.”

மாஸ்ரர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப பிள்ளையளின்ரை விபரத்தை எடுத்துப்போட்டு, வேறை ஆற்றையேன் விபரத்தை விட்டுச் சோதிக்கச் சொல்லுறியள்.”

தான் அப்படிச் சொன்னோமா என்று கதிரவேலருக்கே தெரியவில்லை. “ஓம்” என்றார்.

“ஆற்றையைப் போடுறது?”

“உங்கடையைப் போடுங்கோவன். உங்கடை வீட்டு அரிசிதானே.”

“சோதனை எண்டது நல்ல விசயம்தான்” என்று மாஸ்ரர் உற்சாகமாகத் திரைப்பக்கம் திரும்பினார். கணக்கு வாத்தியாருக்குச் சோதனை என்றால் பிடிக்கும். படம் தேடினார். அவர் பென்சன் போன அன்று பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. கோட் போட்டு, கழுத்தில் பெரிய ரோசாப்பூ மாலையோடு, எதையோ தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் சட்டத்துக்குள் போட்டார். பெயரை அடித்தார். ‘நெல்லியடியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுநிலைக் கணித ஆசிரியர் சுபாஸ்கரன் அவர்கள்.’ மனைவியின் பெயரை அடித்தார், மகனின் பெயரை அடித்தார். கதிரவேலருக்கு அப்போதுதான் தான் செய்துவைத்த வேலை மெல்ல விளங்கத் தொடங்கியது. நிற்பாட்டச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாஸ்ரர் பொத்தானை அமத்திவிட்டார்.

திரை ஒருதரம் இருண்டு வெளித்தது. இரண்டு விளக்கு எரிந்தது. மாஸ்ரர் மாலையோடு தோன்றினார். வெள்ளைப் பூ யோசித்து யோசித்து அவர்மேல் விழுந்தது. வயலின் விம்மியது.

அந்த நேரம் பார்த்து உதயகலா தேத்தண்ணித் தட்டோடு வாசலுக்கு வந்தார்.

தட்டு விழுந்தது. இரண்டு கோப்பையும் உடைந்தது.

“ஐயோ என்ரை ராசா! என்னை விட்டிட்டுப் போட்டியளே!”

“எடியே!” மாஸ்ரர் கதிரையோடு திரும்பினார். “நான் இஞ்சை இருக்கிறன்!”

உதயகலா அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்ப அவரைப் பார்த்தார்.

“அப்ப உது ஆர்?”

“அதுவும் நான்தான்.”

இதைக் கேட்டதும் உதயகலாவுக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் ஒரு குரல் வந்தது.

“உதயக்கா! என்னணை அங்கை? ஆருக்கு என்ன?”

“ஒண்டுமில்லை!” மாஸ்ரர் யன்னலால் கத்தினார். “கலியாண அலுவல்!”

உதயகலாவை இருத்தி, தண்ணி கொடுத்து, வயலினை நிற்பாட்டினார்கள். மூச்சு வந்ததும் அவர் திரைப்பக்கம் கையை நீட்டினார்.

“உதுக்குள்ளையோ நீங்கள் என்ரை மருமேளை வைச்சிருந்தனீங்கள்?”

மாஸ்ரர் திரைக்கு முன்னால் போய் இருந்தார். கையைக் கட்டிக்கொண்டு தன் படத்தையே பார்த்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. முற்றத்தில் காகம் ஒன்று கத்தியது. அந்தச் சத்தம்கூடக் கதிரவேலருக்குப் பிடிக்கவில்லை. படலை எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்தார். வீட்டுக்குப் போய் ஜெயனிக்கு என்ன சொல்வது என்று யோசித்தார். வாழைப்பழம் கொடுத்தேன், கலியாணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன் என்றா?

“சம்மந்தி” என்றார் மாஸ்ரர், திரும்பாமலே.

“ஓம்.”

“நான் இதுக்குள்ளை வடிவா இருக்கிறன், என்ன?”

கதிரவேலர் எட்டிப் பார்த்தார். மாலை, கோட், நரைத்த மீசை, தூரத்துப் பார்வை. இரண்டு விளக்கின் வெளிச்சத்தில் மனிதன் உண்மையிலேயே ஒரு மகான் மாதிரி இருந்தார்.

“வடிவாயிருக்கு” என்றார். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல்முறை மனதாரச் சொன்னார்.

“அதுதான் பார்த்தன்.” மாஸ்ரர் நெடுமூச்சு விட்டார். “பிள்ளையளைப் போட்டபோது ஏதோ ஒண்டு இடிச்சுக்கொண்டே இருந்தது. என்னெண்டு பிடிபடேல்லை. இப்ப விளங்குது. அமைப்பிலை பிழையில்லை. அதுகளிலைதான் பிழை. சின்னஞ் சிறுசுகள். இவ்வளவு கனதியைத் தாங்க வயது காணாது.”

“காணாதுதான்” என்றார் கதிரவேலர் அவசரமாக.

“இதுக்கு ஒரு நிறைஞ்ச வாழ்க்கை வேணும்.”

“ஓம்.”

“முப்பத்தைஞ்சு வருசச் சேவை வேணும்.”

“நல்லது.”

மாஸ்ரர் போனை எடுத்து மயூரதனுக்கு அடித்தார். “தம்பி, உங்கடை பக்கத்தை நீங்கள் ரெண்டு பேருமாச் சேர்ந்து உங்கடை விருப்பத்துக்குச் செய்யுங்கோ. ஓம், இண்டைக்கே செய்யுங்கோ, நாளைக்கு ஒன்பது மணிக்குப் போகவேணும். எனக்கு நேரமில்லை. வேறை வேலை ஒண்டு வந்திட்டுது.”

அந்தப் பக்கத்தில் மயூரதன் கந்தோரில் கத்திய சத்தம் போனுக்கு வெளியே கேட்டது. சந்தோசத்தில்தான் கத்தினான். மாஸ்ரர் அதைக் கவலை என்று எடுத்துக்கொண்டார்.

“பயப்பிடாதை. சம்மந்தி ஒரு நல்ல கருத்துச் சொன்னவர், அதாலைதான்.”

அதற்குப் பிறகு கதிரவேலர் போவதற்கு எழும்பினார். மாஸ்ரர் விடவில்லை. கதிரையை இழுத்து இருத்தினார். “இருங்கோ. என்ரை பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கோ. ‘புகழ்பூத்த கணித மேதை’ எண்டு போடட்டோ?”

கலியாணம் தப்பிவிட்ட நிம்மதியில் கதிரவேலர் பூரணத்தின் சட்டத்தை மறந்துபோனார். வாய் தானாகத் திறந்தது.

“மாஸ்ரர், மேதை எண்டு அடுத்த ஆக்கள் போடவேணும். நீங்களே அடிச்சு வைச்சால் சனம் சிரிக்கும். மற்றது, உந்த விளக்கு ரெண்டு எண்டது கூடிப்போச்சு. ஒண்டு காணும். மற்றது, வயலினை எடுங்கோ, நாய்க்கே பிடிக்கேல்லை.”

சொல்லி முடிந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. உடைந்த கோப்பையைக் கூட்டிக்கொண்டிருந்த உதயகலாவின் தும்புத்தடி நடுவில் நின்றது.

மாஸ்ரர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போட்டார்.

“நாய்க்கோ?”

“ஓம்.”

“எந்த நாய்?”

“மில்லு வாசலிலை படுக்கிற நாய். எழும்பிப் போட்டுது.”

மாஸ்ரர் ஒரு கடதாசியை எடுத்தார். பேனையைத் திறந்தார். ‘வயலின் – நாய்’ என்று எழுதினார். “சொல்லுங்கோ” என்றார். “மற்றது?”

கதிரவேலர் சொன்னார். ஒரு மணித்தியாலம் சொன்னார். பிழை பிடிக்கப் பிடிக்க மாஸ்ரரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. தன் வாழ்க்கையை ஒருவர் இவ்வளவு நேரம் கவனமாக இருந்து பார்த்தது அவருக்கு அதுதான் முதல்தடவை. உதயகலா புதிதாகத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, திரையைப் பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். “கலியாண வீட்டிலை இருந்து செய்யிற வேலையைப் பார்” என்று குசினிக்குள் இருந்து கேட்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பக்கம் நானூறு பேருக்கும் போனது. சிவப்பும் மஞ்சளுமாக, மேளச் சத்தத்தோடு. ஜெயனி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பூரணம் இந்தமுறை கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றுதரம் பார்த்தார். ஒன்பதரைக்குள் எல்லா நாட்டிலிருந்தும் வாழ்த்து வந்து குவிந்தது. யாரும் விளக்கு ஏற்றவில்லை.

பத்து மணிக்குக் கதிரவேலரின் போன் அடித்தது. அவர் மெசினை நிற்பாட்டிவிட்டு எடுத்தார். மாஸ்ரர்தான்.

“சம்மந்தி, ஒரு சின்னச் சந்தேகம். என்ரை பக்கத்திலை துயருறுவோர் எண்டு ஒரு பட்டியல் வருதெல்லோ. அதிலை உங்களை எத்தினையாம் இடத்திலை போட?”

“மாஸ்ரர், எனக்கு முதல் நீங்கள் போவியள் எண்டு ஆர் சொன்னது?”

பக்கத்தில் நின்ற பூரணம் வாயைப் பொத்தினார். தன் வாயைத்தான், புருசனின் வாய் எட்டவில்லை.

“நியாயம்” என்றார் மாஸ்ரர் கடைசியில். “கணக்கிலை அப்பிடியும் வரலாம். அப்ப உங்களுக்கும் ஒண்டு கட்டி வைப்பம். ஒரு படம் அனுப்புங்கோ. மாலை போட்ட படமா இருக்கவேணும்.”

“என்னட்டை மாலை போட்ட படம் இல்லை மாஸ்ரர். எனக்கு ஆர் மாலை போட்டது?”

“அதுக்கென்ன சம்மந்தி? கலியாணத்தண்டைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் மாலை போடுவினம்தானே. அப்ப எடுப்பம்.”